'டாங்கர்ட்' - தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் தேவை)

குழுவினருக்கு வணக்கம். 1545-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கி, 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பல் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அதில் கிடைத்த 'டாங்கர்ட்' என்ற பீர் குடிகலத்துக்குச் சொல் வேண்டும். ஒரே மரத்தில் கடைந்ததல்ல. குறும்பலகைகளை வட்டமாக நிறுத்தி, வளையம் போட்டு இறுக்கியது. கைப்பிடி உண்டு. இந்த வகையில் ஒழுகாமலிருக்க உள்ளே தார் போன்ற கீல் பூசுவார்கள்.

> மரவை இருக்கிறதே, அம்மா! எங்கள் பாட்டி உப்பும் புளியும் அதில்தான் போட்டு வைப்பார்.

ஐயா, பாட்டியின் மரவையில் இணைப்பு ஏது? அது குடைந்தது. மேப்பிள் மரத்தில் கடைந்த 'மேசர்' கிண்ணத்துக்கு மரவை அருமையாகப் பொருந்தும். அதை அங்கே வைத்துக்கொள்கிறேன்.

> குடம், குடுவை, குடுக்கை எல்லாமே 'குட' என்னும் வளைவுப் பொருளில் பிறந்தவை. குடியும் சேர்கிறது. ஆகவே 'குடிகை' என்க.

மணிமேகலையில் குச்சரக் குடிகை என்பது கோயில், ஐயா. கோயிலில் பீர் ஊற்றச் சொல்கிறீர்களே!

> பீர் என்பதையும் மாற்றுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள் இன்தோப்பி' வருகிறது. தோப்பி நெல்லில் வடித்த கள். வாற்கோதுமையில் வடித்த 'ஏல்' என்ற ஆங்கிலேய மதுவுக்கு அதைவிட நெருங்கிய சொல் உண்டா?

தோப்பி எனக்கும் பிடித்திருக்கிறது. பீர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேராத பழைய ஏல் சீக்கிரம் புளித்துவிடும். அதனால் இங்கிலாந்துப் பெண்கள் வீட்டிலேயே அடிக்கடி வடித்தார்கள். அசல் 'இல்லடு' சரக்கு! 'ஏல் குடித்தார்' என்று எழுதினால் கண் இடறவும் செய்கிறது. ஆனால் இந்தக் கப்பலில் மாலுமிக்கு நாளுக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 4.5 லிட்டர், அளந்தது பீர். இங்கே பீரே இருக்கட்டும்.

> அப்படியானால் 'பீப்பாய்க்குவளை'. படித்ததும் உருவம் கண்ணில் வரும்.

பீப்பாய் போர்த்துக்கீசியம், தம்பி. 'பலகைக்குவளை' போதாதா?

> பலகை என்றால் தட்டையாகத் தோன்றும், அக்கா. பீப்பாய் நம் வீட்டுச் சொல்லாகி எவ்வளவோ காலமாயிற்று.

சரி, நால்வர் பலகைக்குவளை என்கிறார்கள். அதையே போட்டு அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பீப்பாய் போல் பலகை சேர்த்துச் செய்த' என்று விளக்கம் தருகிறேன்.

> விளக்கம் தேவைப்படுகிறதே, அக்கா. என் வாக்கு இன்னும் பீப்பாய்க்கே.