மறு: ‘சர்வீஸ் பேனல்’: குடியிருப்போர் அறிவிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், நான்கு கட்டடங்கள் கொண்ட ஒரு குடியிருப்பில் பழைய மரப்பலகைகளையும் பீங்கான் ஃபியூஸ்களையும் அகற்றிவிட்டு, தேசிய மின் விதித்தொகுப்புக்கும் ஐ.எஸ். 732 என்னும் இந்திய மின்கம்பியமைப்புத் தரநிலைக்கும் இணங்கப் புதிய பெட்டிகள் பொருத்தவிருக்கிறார்கள். அறிவிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மீட்டரை அடுத்திருந்து கட்டடம் முழுமைக்கும் மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டியை ஆங்கிலத்தில் ‘சர்வீஸ் பேனல்’ என்கிறார்கள். அதைச் ‘சேவைப் பலகை’ என்று எழுதினால், விசாரணை மேசை என்று எண்ணிக்கொள்வார்கள். வேறு என்ன சொல்லலாம்?

தமிழாசிரியர்:
‘மின்வாயில்’ என்க. இல்வாய் என்பதே முன்பின்னாக மாறி வாயில் என்று இலக்கணப்போலியாயிற்று. இல்முன் முன்றில் ஆனதும் அவ்வாறே. ஆகவே கட்டடத்தின் பெட்டி மின்வாயில், வீடுதோறும் உள்ள சிறு பெட்டி மின்முன்றில்.

மின்பொறியாளர்:
முன்றிலைக் கடந்துதானே ஐயா வாயிலுக்கு வர வேண்டும்? தங்கள் வரிசையில் மின்சாரம் கொல்லைப்புறமாக நுழைகிறது. எனக்கு வேண்டியது, எந்தப் பெட்டி என்பதில் ஐயம் எழாத சொல். ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, ஃபேஸ் என்னும் மின்சாரம் வரும் கம்பியில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் என்னும் திரும்பும் கம்பியில் திரும்பியதும் சமமா என்று பார்த்து, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் துண்டித்துவிடும். பழைய கட்டடங்களில் இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். அதைப் பிரிக்காமல் புதிய பெட்டியில் கட்டினால், கசிவே இல்லாதபோதும் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும், கடைசியில் யாரோ ஒருவர் சலித்துப்போய் அக்கருவியையே கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவார். பிரிக்க வேண்டிய இடம் வீட்டுப் பெட்டியா கட்டடப் பெட்டியா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். தலைமைக் கால்வாய், கிளைக் கால்வாய் என்று பாசனத்தில் சொல்வதுபோலத் தலைமைப் பலகை, கிளைப் பலகை என்றால் போதாதா?

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
எங்கள் பாடநூல்களில் சுவிட்ச் ‘ஆளி’, ஃபியூஸ் ‘உருகி’. ‘பிரதான ஆளி’ என்பது மாணவர்க்குப் பழகிய சொல். ஆயினும் ஆளி என்பது துண்டிக்கும் கருவியே; அதைத் தாங்கும் பெட்டிக்கு அப்பெயர் பொருந்தாது. நியூட்ரலை நாங்கள் ‘நொதுமல்’ என்போம்.

தமிழாசிரியர்:
நொதுமல்! சங்கப் பாடல்களில் நொதுமலர் என்றால் அயலார். நட்பும் பகையும் இல்லாதவர். இதைவிட அழகான ஆட்சி உண்டா? ‘பிரதான’ மட்டும் வேண்டா, முதன்மை இருக்கிறதே.

மின்பொறியாளர்:
நட்பும் பகையும் இல்லாத கம்பி என்று நம்பித் தொட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. பழைய பலகைகள் சிலவற்றில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் இருக்கும். அது மட்டும் உருகினால் விளக்கு அணையும், ஆனால் ஃபேஸில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். விதி அதைத் தடுப்பது இதனால்தான். சொல் எதுவானாலும், ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்துகிற காவலாளிக்கு அது புரிய வேண்டும்; அவருக்குத் தெரிந்தது ‘மெயின் போர்டு’.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. எழுதியவர்களுள் பெரும்பாலோர் ‘பலகை’யையும் ‘முதன்மை’யையும் மறுக்கவில்லை என்பதால், இரண்டையும் சேர்த்து ‘முதன்மை மின்பலகை’ என்று இட்டு அடைப்புக்குறிக்குள் ‘மெயின் போர்டு’ என்று சேர்த்து அனுப்புகிறேன். வீட்டுப் பெட்டி ‘கிளை மின்பலகை’. நியூட்ரல் இம்முறை நியூட்ரலாகவே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
எனக்கு உடன்பாடில்லை. பலகை என்பது மரத்துக்குரியது. மரத்தை அகற்றத்தானே இத்தனை வேலையும்? அடுத்த அறிவிப்பிலேனும் மின்வாயிலை எண்ணிப் பாருங்கள்.