மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் சாதுவான நாய் வைத்திருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அம்மம்மா வலக்கைப் பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன கிழமை பக்கத்து வீட்டு நாய் வந்து காலடியில் படுத்தது. அதே கையால் அதன் முதுகைத் தடவினார்! நாங்கள் வாயடைத்துப் போனோம்.

அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் 1960களிலேயே தன் நாய் ஜிங்கிள்ஸைச் சிறுவர் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டவர். நாயைத் தடவினால் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் குறைவதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போடவில்லை, சைக்கிளைக் கண்டாலே பாயும் (அம்மம்மாவிடம் மட்டும் பூனை மாதிரி).

கல்லடி, நாவற்குடாப் பக்கம் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட, ஆளைக் கண்டு பாயாத நாய் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒரு பின்னேரம் கூட்டிவர முடியுமா? இப்படிப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் யாரையும் தெரிந்தாலும் சொல்லுங்கள். தேத்தண்ணியும் நாய்க்கு பிஸ்கட்டும் என் பொறுப்பு.