சிங்கப்பூர்–பினாங்கு–புக்கெட் கப்பல்: எதில் சிக்கல் வரும்?

கேள்வி: வயதான அப்பா, அம்மாவோடு போகிறோம். இந்தியப் பாஸ்போர்ட். எதையெல்லாம் கவனிக்கணும்?

பதில் 1: சிங்கப்பூர் விசா ‘மல்டிபிள்’ (பல முறை நுழைய அனுமதிப்பது) தானா பாருங்க. கப்பலில் திரும்பி வருவது புது நுழைவாகக் கணக்கு. அரைவல் கார்டையும் (சிங்கப்பூர் நுழைவுப் படிவம்) மறுபடி நிரப்பணும்.

பதில் 2: அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்க, முன்பக்கமும் மேல்தளமும்தான் அதிகம் ஆடும். குமட்டல் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போடணும், வாந்தி தொடங்கிய பிறகு வயிற்றில் தங்காது. அப்பாவுக்கு கிளாக்கோமாவோ (கண் அழுத்த நோய்) புராஸ்டேட் தொல்லையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீங்க. வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரசுக்கு சானிடைசர் போதாது. சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவணும்.

பதில் 3: போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க, கப்பலின் சாட்டிலைட் ரோமிங் பில் எகிறும். புக்கெட்டில் போன் காட்டும் நேரம் ஒரு மணி நேரம் பின்னால் போகலாம். கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம். அறிவிக்கும் கப்பல் நேரத்தையே நம்புங்க, தாமதமானால் கப்பல் காத்திருக்காது.