பரண்ல ஒரு பிளக் பாயின்ட்

அண்ணன்: சித்தப்பா, பரண்ல ஒரு பிளக் பாயின்ட் வைக்கணும், பாப்பா மேல உக்காந்து படிக்கிறேங்குறா. லைட்டுக்குப் போற வயர் அங்கயே இருக்கு, அதுல ஒரு ஜாயின்ட் அடிச்சு டேப் சுத்தி சாக்கெட் வச்சிரவா? வயர் ஜாயின்ட் இருக்குற டப்பாவ தெறந்து பாத்துட்டேன்

சித்தப்பா: இரு இரு. தெறக்கும்போது எத ஆஃப் பண்ண?

அண்ணன்: லைட் சுவிட்ச தான்

சித்தப்பா: அது பத்தாதுப்பா. என்கூட வேல பாத்தவர் ஒருத்தர் அப்படித்தான் லைட் அணைஞ்சிருச்சேன்னு கைய வச்சாரு, யாரோ சுவிட்ச கரண்ட் வர்ற வயர்ல குடுக்காம நியூட்ரல்ல, அதான் கரண்ட் திரும்பிப் போற வயர்ல, குடுத்திருக்காங்க, லைட் எரியல ஆனா வயர்ல 230 வோல்ட் அப்படியே நின்னுச்சு, தூக்கி எறிஞ்சிருச்சு. மெயினயே எறக்கு, எறக்கிட்டு டெஸ்டர முதல்ல பக்கத்து வீட்டு பிளக் மாதிரி கரண்ட் இருக்குற எடத்துல வச்சு எரியுதான்னு பாரு, அப்புறம் அந்த வயர்ல வை, மறுபடி போய் கரண்ட் இருக்குற எடத்துல வை. நடுவுல டெஸ்டர் செத்துப் போயிருந்தா நம்மளுக்குத் தெரியாது

அண்ணி: மாமா நான் போர்டு பக்கத்துலயே நிக்கிறேன், யாரும் தூக்கி விட்றக் கூடாதுல்ல

சித்தப்பா: நில்லும்மா, எம்சிபி, அதான் லோடு ஜாஸ்தியானா தானா விழற போர்டு சுவிட்ச், அது மேல டேப்பும் ஒட்டிரு. டப்பாவுல எத்தன வயர்டா?

அண்ணன்: செவப்பு ஒண்ணு கறுப்பு ஒண்ணு. பச்ச இல்ல

சித்தப்பா: அப்ப எர்த்தே இல்ல, அதுல மூணு ஓட்டை சாக்கெட் மாட்டவே கூடாது. பாக்குறவங்க எர்த் இருக்குன்னு நம்பி அயர்ன் பாக்ஸ சொருகுவாங்க, உள்ள லீக் ஆனா பாடியில கரண்ட் வரும்

அம்மா: தம்பி சுவிட்ச் போர்டுல ஆர்சிசிபி இருக்கே, அது விழாதா

சித்தப்பா: விழும், 30 மில்லிஆம்ப் லீக் ஆனா கட் பண்ணிரும். ஆனா எர்த் இல்லன்னா யாராவது தொட்டு அவங்க ஒடம்பு வழியா போனப்புறம்தான் விழும். அதுல இருக்குற டெஸ்ட் பட்டனும் எர்த் இருக்கான்னு காட்டாது, ஆர்சிசிபி வேல செய்யுதான்னு மட்டும்தான் காட்டும்

அண்ணன்: அப்ப என்ன பண்றது

சித்தப்பா: போர்டுல இருந்து தனி லைன் இழு. 2.5 ஸ்கொயர் எம்எம்ல மூணு வயர், 16 ஆம்ப் எம்சிபி, ஆர்சிசிபிக்கு அப்புறமா எடு. முழுக்க பைப்புக்குள்ள போகட்டும், எலி கடிக்கிற எடம் அது. நடுவுல ஜாயின்ட் வந்தா டப்பாவுக்குள்ள கனெக்டர் போட்டு மூடணும், டேப் சுத்தி விட்றாத, பரண் சூட்டுல பசை எளகி உரிஞ்சிரும்

அண்ணன்: இருக்குற லைட் எம்சிபிய பெருசா மாத்தினா தனி லைன் வேணாமே?

சித்தப்பா: அதப் பண்ணிராதடா. வயர் சின்னதா இருக்கும், எம்சிபி விழறதுக்கு முன்னாடியே வயர் சூடாகி எரியும், பரண்ல அட்டைப்பெட்டி துணின்னு கெடக்கும், பொகை வர்றது கீழ தெரியவும் தெரியாது

அண்ணி: நாங்க பைப் மட்டும் அடிச்சு வைக்கிறோம் மாமா. கனெக்‌ஷன் லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீசியன் குடுக்கட்டும், எர்த்தையும் அவரே மீட்டர் வச்சு பாக்கட்டும்

சித்தப்பா: அதான் சரி. அந்த டப்பாவ இப்பவே மூடிருடா, மெயின எறக்கிட்டு

அண்ணன்: எறக்கிட்டேன் சித்தப்பா, டார்ச் எடுத்துட்டு மேல போறேன்