புதுப்பிப்பு: திரி வைத்த பாட்டில் தொட்டியில் செடி வாடிய பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிளாஸ்டிக் பாட்டிலைக் குறுக்கே வெட்டி, வாய்ப்பகுதியைக் கவிழ்த்து, மூடியில் துளையிட்டுத் திரி விட்ட தொட்டி; அடியில் உள்ள தண்ணீரைத் திரிதான் மேலே மண்ணுக்கு ஏற்ற வேண்டும். அடியில் தண்ணீர் இருந்தும் மணி பிளாண்ட் வாடுகிறதே என்று கேட்டிருந்தேன்.

திரியை மாற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி. இழுத்துப் பார்த்தால், மண்ணுக்குள் இருந்த பருத்தித் திரி கறுத்துப்போய், விரல் பட்டதும் நூல் நூலாகப் பிய்ந்து வந்தது. பாலியெஸ்டர் கயிறு போட்டேன், அது லேசில் மக்காது. ஆனால் அதைக் காய்ந்தபடியே சொருகினால் சரியாக உறிஞ்சாது. முதலில் கயிற்றை நன்றாக நனைத்து, மேலிருந்தும் ஒருமுறை தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

மண்ணில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலக்கச் சொன்னவர்களுக்கு: பக்கத்துத் தொட்டியில் அதை மட்டும் செய்து, பழைய திரியை அப்படியே விட்டுப் பார்த்தேன். தேறவில்லை. ஆக, குற்றவாளி திரிதான்.

எதிர்பாராத இரண்டு விஷயங்கள். வெளிச்சம் பட்டதால் தண்ணீரில் பாசி பிடித்தது. பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டியதும் அடங்கிவிட்டது. அப்புறம், மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு. பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், சுரண்டினால் மொறுமொறுவென்று உதிர்கிறது, உப்புதான். தண்ணீர் கீழிருந்தே ஏறி மேலே ஆவியாவதால் அங்கே தங்கிவிடுகிறது. அவ்வப்போது மேலிருந்து தாராளமாக ஊற்றி, வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.