ஆடியில் வீடு வாங்கினால் உண்மையிலேயே மலிவா?

மாறன்_மடிப்பாக்கம் | ஜூலை 4

மூன்று மாதமாக வீடு தேடுகிறேன். மடிப்பாக்கத்தில் ஒரு பழைய பிளாட் பிடித்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, 850 சதுர அடி, முதல் மாடி, கட்டிப் பதினான்கு வருடம். 62 லட்சம் கேட்கிறார்கள். புரோக்கர், "சார், ஆடி பிறக்கட்டும். வாங்க ஆள் இருக்காது, நாலு லட்சம் தானா இறங்கும்" என்கிறார். மாமனாரோ ஆடியில் வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார். விலை குறையுமா, குறையாதா? வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

பத்திரம்_ஐயா | ஜூலை 4

குறையும் தம்பி. முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன். ஆனி கடைசி வரை சார் பதிவாளர் ஆபீஸ் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆடி பிறந்ததும் போய்ப் பாருங்கள், எதிர் டீக்கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நடுவில் ஆடிப்பெருக்கு ஒரு நாள் திருவிழா. அந்த மாதிரி நல்ல நாட்களில் 100 டோக்கன் கொடுக்கும் ஆபீஸில் பதிவுத் துறையே 150 கொடுக்கிறது. அப்புறம் ஆவணி முதல் முகூர்த்தம் வரை மறுபடி ஈ ஓட்டுவார்கள்.

இந்த மாதத்தில் விற்க வருகிறவர் யார்? ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டியவர். அவருக்குப் பணம் வேண்டும், நாள் பார்க்க நேரமில்லை. என் வீட்டையே அப்படி ஒரு ஆடியில்தான் பேசி முடித்தேன்.

அரைகுறை_ஆடிட்டர் | ஜூலை 5

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. பதிவு குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். பதிவு குறைந்தால் விலையும் குறைந்துவிடுமா? வாங்குகிறவர் வீட்டில் தொங்கும் அதே காலண்டர்தான் விற்கிறவர் வீட்டிலும் தொங்குகிறது. வைகாசியில் பத்து வீடு பார்க்கக் கிடைத்தால் ஆடியில் மூன்றுதான் கிடைக்கும். அதில் இரண்டு, யாருக்கும் வேண்டாமென்று வருடம் முழுக்க நிற்பவை.

பில்டர்களின் ஆடி ஆஃபரையும் பார்த்துவிட்டேன். மாடுலர் கிச்சன் தருவார்கள், ஏசி தருவார்கள், சதுர அடி விலையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் சித்திரையில் வாங்கியவர் சண்டைக்கு வந்துவிடுவார்.

மாறன், நீங்கள் பார்க்கவேண்டிய கணக்கு வேறு. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 62 லட்சத்துக்கு 5,58,000 ரூபாய். புரோக்கர் சொல்லும் ஆடித் தள்ளுபடியை விட இது பெரிது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைக்கும் நில விலையை, 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். நம் ஊரில் பெரிய சீசன் கோட்டையிலிருந்து அரசாணை வரும் நாள்தான். ஆடி, ஆவணி எல்லாம் அப்புறம்.

வாடகைவாசி | ஜூலை 5

வாங்குகிறவர்கள் கதை எனக்குத் தெரியாது. வாடகைக்குச் சீசன் உண்டு, அதுவும் பஞ்சாங்கத்தை விடப் பள்ளிக்கூடத்தை ஒட்டி. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் டூலெட் போர்டு தொங்கும். மே மாதம் காலையில் பார்த்த வீடு சாயங்காலம் போய்விடும். ஜூனில் ஸ்கூல் திறந்ததும் அடங்கும். ஆடியில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் போன் பண்ணி, "தம்பி, இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று கேட்பார். போன வருடம் அப்படித்தான் 18,000 சொன்ன வீடு 16,000-க்கு வந்தது. ஆவணி ஒன்றாம் தேதி பால் காய்ச்சிக்கொள்கிறேன், வாடகை இன்றைக்கே ஆரம்பிக்கட்டும் என்றேன். அவருக்கு வாடகை, எனக்குச் சாஸ்திரம்.

அட்வான்ஸை மட்டும் குறைக்க முடியவில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-இல் அமலுக்கு வந்த சட்டம் சொல்கிறது என்றேன். "அப்போ சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க" என்றார்.

அரைகுறை_ஆடிட்டர் | ஜூலை 6

ஆடியில் வாடகை இறங்கும் கதையும் பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் எடுபடாது. ஐடி கம்பெனிக்கு வடக்கிலிருந்து வரும் பையனுக்கு ஆடி என்றால் என்னவென்றே தெரியாது. அவனுக்குப் பித்ரு பட்சம், அதுவும் அவன் அம்மா ஊரில் இருந்தபடி போனில் சொன்னால்தான். தெலுங்குக்காரரின் ஆஷாடம் நம் ஆடிக்கு முன்னாலேயே தொடங்கி முன்னாலேயே முடிந்துவிடும். ஓஎம்ஆர் என்கிற அந்த ஐடி ரோடு முழுக்க ஒரே பஞ்சாங்கம் ஓடுவதில்லை.

பஞ்சாங்கப்_பிரியன் | ஜூலை 6

எல்லாரும் சேர்ந்து ஆடியை மட்டும் அடிக்கிறீர்களே! "ஆனி அடியெடாதே, கூனி குடிபுகாதே" என்றுதான் பழமொழி. கூனி என்றால் பங்குனி. ஆடியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வாஸ்து புருஷன் கண் விழிக்கும் மாதங்கள் எட்டு என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். அதில் ஆடி உண்டு. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனிதான் கிடையாது. ஆடியில் குடிபோக வேண்டாம், அது குடும்ப வழக்கம். கிரயம் செய்ய என்ன தடை?

வாடகைவாசி | ஜூலை 6

பங்குனி என்றால் மார்ச். வங்கிக்காரர்கள் வருடக் கணக்கை முடிக்க வேண்டுமென்று ஹோம் லோனை வாங்கிக்கோ வாங்கிக்கோ என்று துரத்தும் மாதம் அதுதான்! வங்கி இழுக்கும், மாமியார் தடுப்பார்.

கீழ்க்கட்டளை_அக்கா | ஜூலை 7

எல்லாரும் வாங்கும் நாளையே பேசுகிறீர்கள். பார்க்கும் நாளை யாரும் பேசவில்லை. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளையில் ஜூலை மாதம் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். சென்னைக்கு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. எங்கள் ஏரி நிறைந்தால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புக்கு. போகிற வழியில் அடைப்பு இருந்தால் உங்கள் தெருவில் நின்று இளைப்பாறும்.

2015 டிசம்பரில் நாங்கள் தரைத்தளம். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பட்டுப்புடவையை விட இன்றைக்கும் எனக்கு வருத்தம் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். சாக்கடை கலந்து, மூன்று முறை கழுவியும் வாசம் போகவில்லை. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது மாடிக்கு மாறியிருந்தோம். வீட்டுக்குள் ஈரம் இல்லை, கீழே கார் மிதந்தது.

மாறன் தம்பி, இப்போதே போனாலும் மூன்று இடம் பாருங்கள். மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? ஒரு தடவை நனைந்த வீட்டில் அதைத் தூக்கி மாட்டியிருப்பார்கள், பழைய ஆணி ஓட்டை கீழே தெரியும். பார்க்கிங் சுவரில் இடுப்பளவு மட்டும் புது பெயிண்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். அப்புறம் ரோடு. தார் மேல் தார் போட்டு எங்கள் தெரு ஏறி ஏறி, பழைய கட்டடங்களுக்கு இப்போது வாசல் படி கீழ்நோக்கி இறங்குகிறது.

பத்திரம்_ஐயா | ஜூலை 7

அம்மா சொல்வது நியாயம். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு விலை இறங்குவது தை மாதம் வரைதான். பொங்கலுக்குத் தெரு காய்ந்ததும் வீட்டுக்காரர் பழைய விலைக்கே வந்துவிடுவார்.

அரைகுறை_ஆடிட்டர் | ஜூலை 8

அதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. 2015 வெள்ளம் முடிந்து ஒரு வருடம் ஆவதற்குள், 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வேளச்சேரியில் மந்தம் வந்தது தண்ணீராலா, நோட்டாலா என்று எதை வைத்துப் பிரிப்பீர்கள்? நான் பார்த்த ஒரே மாற்றம், வாங்க வருகிறவர்கள் முதல் கேள்வியாக "எந்த மாடி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மாறன்_மடிப்பாக்கம் | ஜூலை 27

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து, மாமனாருக்குத் தெரியாமல் போய்ப் பேசினேன். வீட்டுக்காரர் காபி கொடுத்தார். விலை என்று வாய் திறந்ததும், "ஆடியில நான் அட்வான்ஸ் வாங்கறதில்ல தம்பி, ஆவணியில வாங்க" என்று முடித்துவிட்டார். ஆடிட்டர் சார், அதே காலண்டர்தான்.

மீட்டர் பெட்டிக்குக் கீழே ஆணி ஓட்டை இருக்கிறது. நான்கு.

பத்திரம்_ஐயா | ஜூலை 27

அவருக்கு அவசரம் இல்லை என்று அர்த்தம். அவசரமுள்ளவரிடம் ஆடி வேலை செய்யும் என்றுதான் சொன்னேன். அதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

மாறன்_மடிப்பாக்கம் | அக்டோபர் 29

ஆவணியில் 61, புரட்டாசியில் பேச்சே இல்லை. போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. அக்கா சொன்னபடி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், பார்க்கிங்கில் கணுக்கால் வரை. வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. வாட்ச்மேன் 2023-இல் தண்ணீர் மூன்றாம் படி வரை வந்தது என்று காலால் தொட்டுக் காட்டினார். நான் அங்கே நிற்கும்போதே வீட்டுக்காரர் மேலிருந்து பார்த்துவிட்டார். 59-க்கு இறங்கினார். நான் ஆணி ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். 58.

கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் ஒப்பந்தம் போடலாமா என்று யோசிக்கிறேன். மாமனார் தை வரை பொறு என்கிறார்.

அரைகுறை_ஆடிட்டர் | அக்டோபர் 29

58-க்கு 9 சதவீதம் 5,22,000. பதிவிலேயே 36,000 மிச்சம். ஆடி கொடுக்காததை ஐப்பசி கொடுத்திருக்கிறது, ஆனால் மாதத்துக்கு நன்றி சொல்லாதீர்கள், வாட்ச்மேனுக்கு ஏதாவது கொடுங்கள்.

பத்திரம்_ஐயா | அக்டோபர் 30

வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போடுங்கள் தம்பி. நிலத்தில் உங்கள் பங்காக வரும் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

கீழ்க்கட்டளை_அக்கா | அக்டோபர் 30

மோட்டார் எங்கே இருக்கிறது? தரையில் என்றால் அதை மேலே ஏற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். அப்புறம் அசோசியேஷன் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால், தரைத்தளத்துக்காரரைத் தவிர யாரும் காசு தர மாட்டார்கள்.