புதுப்பிப்பு: சின்ன ட்யூப் ஆம்ப் எடுத்தாச்சு

கிட்டாருக்கு, வீட்டிலும் மேடையிலும் ஒரே ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் இயங்கும் ஒலிபெருக்கி) போதுமா, 5 வாட்டா 15 வாட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் மார்ஷல் ஒரிஜின் 20 கொம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) எடுத்தேன். 20, 3, 0.5 என மூன்று வாட் நிலைகள்.

மட்டக்களப்பு கல்லடி வீட்டில் அரை வாட்டே இரவில் அதிகம். 20இலிருந்து அரை வாட்டுக்கு இறங்கினாலும் 16 டெசிபல்தான் குறையும் என்று இங்கே ஒரு அண்ணன் எழுதியது சரி. பாசிக்குடா ஹோட்டலில் டிரம்ஸோடு 20 வாட் தாராளம். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைத்தோம், அவ்வளவுதான்.

ஆம்பில் ரிவெர்ப் (எதிரொலி போன்ற ஒலி) இல்லை, அதற்குத் தனி பெடல்தான் வேண்டும். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவருவதாகச் சொன்ன ஃபெண்டர் ஆம்பை வேண்டாமென்றேன்: அது 120 வோல்ட், நமக்கு 230. கச்சேரிக்குக் கச்சேரி ட்ரான்ஸ்ஃபோமரை யார் சுமப்பது?